காஞ்சோண்டிக்கு ஒரு மூலை: நெட்டில் வளர்ப்பும் சமையலும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டமோ அலாட்மென்டோ (பயிர் செய்ய வாடகைக்குக் கிடைக்கும் காணித் துண்டு) வைத்திருக்கிற தமிழர் எவருக்கும், தொட்டால் சுடுகிற நெட்டில் செடியை நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. அதுவே வந்து அறிமுகமாகும், பெரும்பாலும் கணுக்காலில். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்களுக்குப் பார்த்தவுடன் வாயில் வந்த பெயர் காஞ்சோண்டி. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. எங்கள் தோட்டத்தில் வேலி ஓரமாக நான் அதை வேண்டுமென்றே விட்டுவைத்திருப்பதைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

இது உண்மையிலேயே நம்மூர்க் காஞ்சோண்டிதானா?

இல்லை. ஊரில் வேலியில் படர்கிற காஞ்சோண்டி, தமிழ்நாட்டில் செந்தட்டி என்றும் சிறுகாஞ்சொறி என்றும் சொல்வார்களே, அது ஆமணக்குக் குடும்பத்துச் செடி. தாவரவியல் பெயர் டிராஜியா இன்வலுக்ரேட்டா. இங்கே வளர்வது உர்டிகா டையோயிகா. இரண்டுக்கும் பட்டால் சுடும் என்பதைத் தவிர உறவு எதுவும் கிடையாது. சுடுகிற விதம்கூட வேறு. நம்மூர்ச் செடியின் சுணைக்குள் கால்சியம் ஆக்ஸலேட் ஊசி இருக்கிறது. இங்குள்ளதில் கண்ணாடிக் குழாய் போன்ற மயிர்.

நீலகிரி மலைக்காட்டில் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, தொட்டவரை அழவைக்கிற ஒன்று உண்டு. அது ஜிரார்டினியா. நெட்டிலுக்கு அதுதான் சொந்தக்காரச் செடி.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், கீழே வருகிற சமையல் குறிப்புகள் இங்கிலாந்து நெட்டிலுக்கு மட்டும். ஊருக்குப் போய் வேலியில் படர்ந்ததைப் பறித்து வறை வைத்துவிடாதீர்கள்.

தொட்டால் ஏன் அப்படிச் சுடுகிறது?

ஒரு இலையைக் காம்பில் கவனமாகப் பிடித்து, வெயிலுக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். அடிப்பக்கத்து நரம்புகளிலும் காம்பிலும் மினுங்குகிற மயிர்கள் தெரியும். ஒவ்வொன்றும் உள்ளே துளை உள்ள குழாய். நுனி சிலிக்கா, அதாவது கண்ணாடியின் மூலப்பொருள். கை பட்டதும் நுனிக் குமிழ் உடைந்து, உடைந்த முனை ஊசிபோலத் தோலில் இறங்குகிறது. அடியில் உள்ள சின்னப் பை அமுங்கி உள்ளிருக்கும் திரவத்தைச் செலுத்துகிறது. ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின், செரோட்டோனின் எல்லாம் அதில் உண்டு. எறும்பில் உள்ள ஃபார்மிக் அமிலம்தான் காரணம் என்று முன்பு பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். அது மிகக் கொஞ்சம்தான் இருக்கிறது, அதை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

மெதுவாகத் தடவினால்தான் அதிகம் சுடும். இரண்டு விரலால் இறுக்கி, கீழிருந்து மேலாகப் பிடித்தால் மயிர்கள் படுத்துவிடும். எனக்கு இது தெரியும், நம்பிக்கையும் உண்டு. ஆனாலும் கையுறை போட்டுக்கொண்டுதான் பறிக்கிறேன்.

பட்டுவிட்டது. இப்போது என்ன செய்வது?

தேய்க்காதீர்கள். கை தானாகவே தேய்க்கப் போகும், அடக்குங்கள். தேய்த்தால் உடைந்த மயிர்கள் இன்னும் உள்ளே போகும். ஒரு பத்து நிமிடம் அப்படியே விட்டு, பிறகு சவர்க்காரத் தண்ணீரில் கழுவுங்கள். ஒட்டும் டேப் ஒன்றை அழுத்தி இழுத்தால் மிச்ச மயிர்கள் அதோடு வந்துவிடும். ஈரத்துணி வைத்தால் எரிவு குறையும். சில மணி நேரத்தில் தடிப்பு அடங்கும். விரல் நுனியில் அந்தக் குறுகுறுப்பு மறுநாள்வரை இருக்கலாம்.

நெட்டில் இருக்கும் இடத்திலேயே டாக் என்ற அகன்ற இலைச் செடியும் இருக்கும். இங்குள்ள சின்னப் பிள்ளைகள்கூட அதைக் கசக்கித் தேய்ப்பார்கள். அதில் மருந்து இருப்பதாக நிரூபணம் இல்லை. இலையின் குளிர்ச்சியும், ஏதோ செய்கிறோம் என்ற ஆறுதலும்தான். அழுகிற பிள்ளைக்கு அதுவும் பெரிய விஷயம்தானே.

முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ இதெல்லாம் பார்த்துக்கொண்டிருக்காமல் 999-ஐ அழையுங்கள்.

சுடாத நெட்டிலும் இருக்கிறதாமே?

இருக்கிறது. டெட் நெட்டில் என்பார்கள். இலை அச்சாக அப்படியே இருக்கும், ஆனால் தண்டைச் சுற்றி வெள்ளைப் பூக்கள் வளையமாகப் பூக்கும். அது துளசி, புதினாக் குடும்பம். உண்மையான நெட்டிலின் பூ, பூ என்றே தெரியாது. பச்சைநிறத்தில் நூல்போலத் தொங்கும்.

களையை யாராவது வேண்டுமென்று வளர்ப்பார்களா?

நான் வளர்க்கிறேன். முதல் காரணம் கீரை. ஃபெப்ரவரி முடிந்து மார்ச் பிறக்கும்போது தோட்டத்தில் தின்ன ஒன்றும் இருக்காது. வெந்தயம்கூட விதைத்திருக்க மாட்டோம். அந்த நேரத்தில் தண்ணீர் ஊற்றாமல், காசு கொடுக்காமல் வருகிற முதல் பச்சை இதுதான்.

இரண்டாவது, வண்ணத்துப்பூச்சிகள். ஸ்மால் டார்ட்டாய்ஸ்ஷெல், பீகாக், ரெட் அட்மிரல் மூன்றும் இங்கே முட்டையிடுவது பெரும்பாலும் நெட்டிலில்தான். மே, ஜூனில் இலையைத் திருப்பினால் கறுப்புப் புழுக்கள் கூட்டமாக, பட்டு நூல் கூடாரத்துக்குள் இருக்கும். பார்க்க அருவருப்பாகத்தான் இருக்கும். அதற்காக மருந்து அடித்துவிட்டு, ஓகஸ்டில் வண்ணத்துப்பூச்சியே வரவில்லை என்று கவலைப்பட்டால் எப்படி? வெயில் படுகிற பக்கத்துச் செடிகளைத்தான் அவை விரும்பும். மரநிழலில் கிடக்கிற நெட்டில் அவ்வளவு உதவாது.

மூன்றாவது கணக்கு கொஞ்சம் நுணுக்கமானது. நெட்டிலில் மட்டும் வாழ்கிற ஒரு அசுவினி (செடிச்சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி) உண்டு. அது வசந்தத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடும், உங்கள் அவரைக்குத் தாவாது. அதைத் தின்ன லேடிபேர்ட் வண்டுகள் வந்து குடியேறும். அவரையில் கறுப்பு அசுவினி ஏறும்போது, அதைத் தின்ன ஆள் ஏற்கெனவே தோட்டத்தில் இருப்பார்கள்.

இன்னொன்று, நெட்டில் செழிப்பாக நிற்கிற மண் நல்ல மண். முக்கியமாகப் பாஸ்பேட் நிறைந்த மண். மனிதரும் மாடும் இருந்த இடத்தில் அந்தச் சத்து நூற்றாண்டுக் கணக்கில் மண்ணில் தங்கும். ஆளில்லாமல் போன பழைய ஊர்களின் இடத்தை, இங்கே நெட்டில் கூட்டத்தை வைத்தே அடையாளம் காண்பார்கள். அலாட்மென்ட் எடுக்கும்போது நெட்டில் மண்டிய துண்டைக் கொடுத்தால் முகம் சுளிக்காதீர்கள். எனக்குக் கிடைத்ததும் அப்படித்தான், முதல் வருடப் பூசணி நாங்கள் தின்று முடியவில்லை.

எப்படி நடுவது? பரவாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

நடுவதற்குத் திறமை தேவையில்லை, அடக்குவதற்குத்தான் தேவை. விதை போட விரும்பினால் வசந்தத்தில் ஈர மண்ணின் மேலே தூவி லேசாக அழுத்திவிடுங்கள். முளைக்க வெளிச்சம் வேண்டும், மண்ணால் மூட வேண்டாம். இதைவிட எளிது வேர்த் துண்டு. மண்ணைத் தோண்டினால் மஞ்சள் கயிறுபோல ஓடும். விரல் நீளத்துக்கு இரண்டு துண்டு, ஒரு பெரிய தொட்டி, கொஞ்சம் எரு. அவ்வளவுதான்.

வீட்டுத் தோட்டம் சின்னதென்றால் தொட்டியை விட்டு வெளியே விடவே கூடாது. ஓட்டை வாளியை மண்ணில் புதைத்து நடுகிறவர்களும் உண்டு, ஆனால் வேர் விளிம்பைத் தாண்டி ஏறிப் போகும். எனக்குப் போயிருக்கிறது. தொட்டியைக் கல்லுக்கு மேல் வைப்பதே உத்தமம்.

பெயரில் உள்ள டையோயிகா என்பதற்கு இரண்டு வீடு என்று பொருள். ஆண்பூ ஒரு செடியில், பெண்பூ வேறு செடியில். பெண்செடி காய்ப்பதற்கு முன் வெட்டிவிட்டால் விதையால் பரவுவது நின்றுவிடும்.

எப்போது பறிக்க வேண்டும்?

மார்ச் முதல் மே வரை, பூக்கும் முன். நுனியில் நாலு அல்லது ஆறு இலை மட்டும். பூத்த பிறகு இலைக்குள் கால்சியம் கார்பனேட் துகள்கள் சேர்ந்து, வாயில் மணல் கடிபடுவதுபோல இருக்கும். சிறுநீர்ப் பாதைக்கும் நல்லதல்ல என்பார்கள். பூத்துவிட்டதே என்று விட்டுவிடத் தேவையில்லை. ஜூன் கடைசியில் ஒரு சாண் விட்டு வெட்டினால் புதுத் தளிர் வரும், இரண்டாவது அறுவடை கிடைக்கும். வெட்டும் முன் புழு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாதியை வெட்டி, பாதியை அவற்றுக்கு விடுங்கள்.

வெளியே பூங்காவில், பாதையோரத்தில் பறிக்கலாமா?

காட்டில் தானாக வளர்வதைச் சொந்தத் தேவைக்கு நுனி கிள்ளுவதில் பொதுவாகச் சிக்கல் இல்லை. காணிக்காரரின் அனுமதி இல்லாமல் வேரோடு பிடுங்குவது 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பெரிய தெருவின் ஓரம், மருந்து அடிக்கிற வயலின் கரை இரண்டையும் தவிருங்கள். நாய் கூட்டிப்போகிற பாதையென்றால் முழங்காலுக்கு மேலே வளர்ந்ததைப் பறியுங்கள். காரணம் நான் விளக்கத் தேவையில்லை.

சரி, எப்படிச் சமைப்பது? வாய் சுடாதா?

சுடாது. கொதிநீரில் இரண்டு நிமிடம் போதும், மயிரெல்லாம் துவண்டுவிடும். காய்ந்தாலும் சுணை போய்விடும். பச்சையாகத் தின்கிறவர்களும் உண்டு. இங்கிலாந்தின் தார்செட் மாவட்டத்தில் கோடையில் ஒரு போட்டியே நடக்கிறது. இரண்டடித் தண்டுகளில் உள்ள இலையைப் பச்சையாகத் தின்று, யார் அதிகம் மொட்டையடித்தார் என்று அளப்பார்கள். அவர்களை அவர்கள்பாட்டில் விடுவோம்.

எங்கள் வீட்டில் வைப்பது வறை. ஒரு பெரிய பை நிறைய நுனிகள் வேண்டும். பார்க்க மலைபோல இருக்கும், அவித்துப் பிழிந்தால் இரண்டு கைப்பிடிதான். பையோடு பேசினுக்குள் கொட்டி, கையுறையோடு இரண்டு தண்ணீரில் அலசுங்கள். தண்டு தடிப்பாக இருந்தால் கத்தரிக்கோலால் வெட்டி எடுங்கள். உப்புப் போட்ட கொதிநீரில் இடுக்கியால் அமுக்கி இரண்டு நிமிடம். உடனே குளிர்நீருக்கு மாற்றுங்கள். இந்த இடத்தில் கையுறையைக் கழற்றலாம். முதல்முறை நம்பிக் கழற்ற எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

உருட்டிப் பிழிந்து, முருங்கையிலையைவிடப் பொடியாக அரியுங்கள். நார் உள்ள இலை, பெரிதாக விட்டால் பல்லில் மாட்டும். எண்ணெயில் கடுகு, செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், இரண்டு பல் உள்ளி. வெங்காயம் நிறம் மாறக் கீரையைப் போட்டு, மஞ்சள், உப்பு. ஏற்கெனவே வெந்த கீரை, மூன்று நிமிடம் பிரட்டினால் போதும். கடைசியாகத் துருவிய தேங்காய்ப்பூ ஒரு கைப்பிடி. ஃப்ரீஸரில் உள்ளதே போதும், ஆனால் முன்கூட்டியே வெளியே எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் வறை தண்ணீர் விட்டுவிடும். அடுப்பை அணைத்த பிறகு தேசிக்காய் பிழியுங்கள். மாசிக் கருவாடு போடுகிறவர்கள் வெங்காயத்தோடு போடலாம்.

சுவை? பசளிக்கும் முருங்கையிலைக்கும் நடுவில். கசப்பு இல்லை. லேசாக ஒரு கடல் மணம் இருக்கும், தேங்காய் சேர்ந்ததும் அது அடங்கிவிடும். என் மாமி முதல் நாள் தட்டில் தொடவில்லை. ‘வேலியில கிடந்ததையா தின்னத் தாறாய்?’ என்றார். இரண்டாம் முறை பருப்போடு கடைந்து, என்ன கீரை என்று சொல்லாமல் வைத்தேன். இப்போது மார்ச் மாதம் வந்தால் அவரே தொலைபேசியில் கேட்கிறார்.

அவித்த தண்ணீர் கரும்பச்சையாக இருக்கும். அதை ஊற்றிவிடாமல் சொதிக்கு விடலாம், உப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய கீரையை ரொட்டிக்கு மா குழைக்கும்போது சேர்க்கலாம்.

நாம் மட்டும் கண்டுபிடித்ததுமில்லை. ஸ்வீடனில் வசந்தம் வந்தால் நெட்டில் சூப். நேபாளத்தில் சிஸ்னு, உத்தராகண்டில் கண்டாலி என்று கீரையாகவே கடைகிறார்கள். கார்ன்வாலில் யார்க் என்ற பாற்கட்டியை நெட்டில் இலையால் சுற்றிப் பதப்படுத்துகிறார்கள்.

சத்து நிறைய உண்டாமே, இரும்புச்சத்து மலைபோல என்கிறார்களே?

சத்து உண்டு. மலை இல்லை. அவித்த நெட்டில் 100 கிராமில் கால்சியம் ஏறத்தாழ 480 மில்லிகிராம். பாலில் அதே அளவுக்கு 120 அளவில்தான். நார்ச்சத்தும் வைட்டமின் கே-யும் நிறைய. ஆனால் இரும்பு 1.6 மில்லிகிராம் அளவுதான். இங்கே 19 முதல் 49 வயதுப் பெண்களுக்கு ஒரு நாளைக்குச் சொல்லப்படுவது 14.8. இரத்தச்சோகை என்று மருத்துவர் மாத்திரை தந்திருந்தால் மாத்திரையைப் போடுங்கள், நெட்டிலைக் கறியாகத் தின்னுங்கள். இரண்டும் வேறு வேலை. இணையத்தில் காய்ந்த இலைத் தூளின் கணக்கை எடுத்துப் போட்டுப் பெரிய எண் காட்டுவார்கள். 100 கிராம் தூளை யார் ஒரே நாளில் தின்னப் போகிறார்கள்?

மூட்டுவலிக்கு இலையால் அடிப்பார்கள் என்பது உண்மையா?

பழைய வழக்கம். 2000-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு சின்ன ஆய்வு நடந்தது. கட்டைவிரல் அல்லது சுட்டுவிரல் அடிமூட்டு வலி உள்ள 27 பேர் ஒரு வாரம் நெட்டில் இலையை வலிக்கிற இடத்தில் வைத்தார்கள், வேறொரு வாரம் டெட் நெட்டிலை வைத்தார்கள். சுட்ட வாரத்தில் வலி குறைவாக இருந்தது. 27 பேர்தான், தவிர எது சுட்டது என்று ஆளுக்குத் தெரியாமல் மறைக்கவும் முடியாதே. ஜெர்மனியில் வயதான ஆண்களின் புரோஸ்டேட் வீக்கத்தால் வருகிற சிறுநீர்த் தொல்லைக்கு வேர்ச்சாறு பயன்பாட்டில் உண்டு. அது கடையில் அளவோடு செய்து விற்பது, வாளியில் வேரை அவிப்பதல்ல.

கவனிக்க வேண்டியவர்கள்: இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள், வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். இரத்த அழுத்தம், நீரிழிவு, சிறுநீர் போக்கும் மாத்திரை எடுப்பவர்கள் தினமும் நெட்டில் தேநீர் குடிக்கத் தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிறுநீரக நோயாளிகளும் கர்ப்பிணிகளும் தேநீர், மாத்திரை பக்கம் போக வேண்டாம்.

செடிகளுக்கு உரமாக ஊற்றும் நெட்டில் கரைசல் எப்படிச் செய்வது?

ஒரு கிலோ இலையும் தண்டும், 10 லிட்டர் மழைத்தண்ணீர், பிளாஸ்டிக் வாளி. காய்த்த தண்டும் வேரும் சேரக் கூடாது. நறுக்கிப் போட்டு, மேலே கல் வைத்து அமுக்கி, மூடியைத் தளர்வாக வையுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை கிளறுங்கள். நுரைத்துக் குமிழி விடும். குமிழி நின்றால் தயார், வெயில் காலத்தில் இரண்டு வாரத்துக்குள். வடித்து, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து வேரடியில் ஊற்றுங்கள். வடித்த சக்கை கம்போஸ்ட் குவியலுக்குப் போகட்டும்.

நாற்றத்தைப் பற்றி எச்சரிக்காமல் விட்டால் பாவம். அடைத்த சாக்கடை. முதல் வருடம் நான் வாளியை வீட்டுச் சமையலறை ஜன்னலுக்குக் கீழே வைத்தேன். ஜூலை மாதம், எல்லா ஜன்னலும் திறந்து கிடக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் குழாய் வெடித்துவிட்டதா என்று கேட்டு வந்தார். வந்தவருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே வாளியைத் தூக்கினேன், பிடி கழன்றது. அந்தச் செருப்பை எறிந்தேன். அலாட்மென்டின் கடைசி மூலைதான் இதற்கு இடம்.

இதில் தழைச்சத்து கூடுதல். கீரை, கோவா (முட்டைக்கோஸ்), லீக்ஸ், வளர்கிற பூசணிக்கு நல்லது. தக்காளியும் மிளகாயும் காய் பிடித்த பிறகு இதை ஊற்றினால் இலைதான் செழிக்கும், அப்போது காம்ஃப்ரி என்ற செடியின் இலைக் கரைசலுக்கு மாறுங்கள். அடுத்த நாள் பிடுங்கித் தின்னப்போகிற சலாட் இலைமேல் தெளிக்காதீர்கள்.

பிரான்சில் இந்த நாற்ற வாளிக்காக ஒரு சண்டையே நடந்தது. 2006-இல் வந்த வேளாண் சட்டத்தின்படி, பதிவு செய்யாத இத்தகைய கரைசலைப் பரிந்துரைப்பதே தவறு என்றாகிவிட்டது. தோட்டக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள், ‘நெட்டில் போர்’ என்றே பெயர் வந்தது. 2011-இல் அரசே செய்முறையோடு அனுமதித்தது.

எனக்கு இது வேண்டாம். எப்படி ஒழிப்பது?

மஞ்சள் வேரைத் தோட்டத்து முள்ளுக்கரண்டியால் கிளறி முழுதாக எடுங்கள். மண்வெட்டியால் கொத்தினால் ஒவ்வொரு துண்டும் ஒரு செடி. இடம் பெரிதென்றால் தடித்த அட்டையோ கறுப்பு விரிப்போ போட்டு ஒரு முழு வருடம் மூடுங்கள். திரும்பத் திரும்ப வெட்டியும் களைக்க வைக்கலாம், இரண்டு மூன்று வருடப் பொறுமை வேண்டும். எடுத்த வேரை வெயிலில் சருகாகக் காயவிட்ட பிறகுதான் கம்போஸ்டில் போடலாம்.

இதில் துணி நெய்தார்களாமே?

நெய்தார்கள். தண்டில் நல்ல நார் உண்டு. டென்மார்க்கில் ஒரு புதைமேட்டில் கிடைத்த, ஏறத்தாழ 2,800 ஆண்டு பழைய துணி நெட்டில் நாரால் ஆனது. முதல் உலகப் போரில் பருத்தி கிடைக்காமல் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் நெட்டில் துணிக்குத் திரும்பின. வீட்டில் செய்து பார்க்க ஆசையென்றால் இலையுதிர்காலத்துத் தண்டை உரித்துக் கயிறு திரிக்கலாம். என் மகள் ஒரு வளையல் செய்தாள். அதோடு நின்றுவிட்டது.

ஊருக்கு விதை கொண்டு போகலாமா?

வேண்டாம். விமான நிலையத்தில் பிடிப்பார்கள், அது ஒன்று. பிடிக்காவிட்டாலும் யாழ்ப்பாண வெயிலுக்கும் சென்னை வெயிலுக்கும் இது தாங்காது. அங்கே முருங்கை இருக்கும்போது இது எதற்கு?

மிஞ்சியதை எப்படிச் சேமிப்பது?

தேநீருக்கென்றால் நிழலில் கட்டித் தொங்கவிட்டு, நொறுங்கும் பதம் வந்ததும் போத்தலில் அடையுங்கள். கறிக்கென்றால் அவித்துப் பிழிந்து, ஒரு நேரத்துக்கு ஒரு உருண்டையாக ஃப்ரீஸரில் வையுங்கள். அவிக்காமல் பச்சையாக வைக்காதீர்கள், குளிரில் சுணை போய்விடும் என்று நம்ப முடியாது. பெட்டியில் பெயரும் திகதியும் எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் ஒட்டாமல் விட்ட ஒரு பெட்டியைக் கொத்தமல்லிச் சட்னி என்று நினைத்து இவர் தோசைக்குத் தொட்டுச் சாப்பிட்டார். உப்பு மட்டும் கொஞ்சம் குறைவு என்றார்.